வேலம் பிசின், கொத்தவரை, மிளகு: கருங்காய்ச்சல் மருந்துக்கு இவை எதற்கு?

பக்கத்தில் சாக்லேட் கவரோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலோ இருந்தால் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலில் 414 என்ற எண் கண்ணில் படலாம். அது வேலம் பிசின். ஆப்பிரிக்காவின் வறண்ட சாஹேல் நிலத்தில் வளரும் ஒருவகை வேல மரத்தின் பட்டையைக் கீறிவிட்டால், அந்தக் காயத்தில் கசிந்து, உருண்டு திரண்டு காயும் கோந்து. உலகச் சந்தைக்கு வரும் இந்தப் பிசினில் பெரும்பகுதி சூடானிலிருந்து வருகிறது. 1997ல் சூடான் மீது பொருளாதாரத் தடை விதித்த அமெரிக்கா, இந்தப் பிசினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. காரணம் சிம்பிள். சர்க்கரைத் தண்ணீரில் வாசனை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் பிடித்துவைப்பது இந்தப் பிசின்தான். அது இல்லாமல் கூல்டிரிங்க்ஸ் கம்பெனிகளுக்கு வேலை ஓடாது.

தண்ணீரில் கரையாத ஒன்றைத் தண்ணீருக்குள் பிடித்துவைப்பது என்ற இந்தக் குணத்தின் மேல் மருந்து ஆய்வாளர்களுக்கும் ஒரு கண் உண்டு. கரையவே கரையாத, ஆனால் உயிர் காக்கும் ஒரு மருந்து அவர்கள் கையில் இருக்கிறது. அதை உடம்புக்குள் சரியான இடத்தில் கொண்டுபோய் இறக்க ஒரு வண்டி வேண்டும்.

அந்த மருந்து எந்த நோய்க்கு என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கிழக்கு சூடானின் கெடாரிஃப் பகுதியில், கரிசல் மண் வெடிப்புகளிலும் வேல மரங்களின் அடியிலும் ஒரு குட்டி ஈ பதுங்கி வாழ்கிறது. எள், சோளக் காடுகளுக்கு அறுவடைக் கூலிக்கு வந்து, இரவில் வெட்டவெளியில் படுக்கும் தொழிலாளிகளை அது கடிக்கிறது. கடிபட்டவர்களில் சிலருக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், எடை இழப்பு, ரத்தசோகை. மண்ணீரல் வீங்கி வயிறு முன்னே தள்ளும். சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலும் மரணம். நோயும் அந்த மரக்காட்டில்தான், மருந்தைச் சுமக்கக்கூடிய பிசினும் அந்த மரக்காட்டில்தான்.

நோயின் பெயர் காலா அசார். தமிழில் கருங்காய்ச்சல்.

சென்னைக்கு இதில் என்ன தொடர்பு?

பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்கள் என்று நம் நாட்டிலும் இது பழைய எதிரி. 1992ல் மட்டும் இந்தியாவில் 77 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. 1,419 பேர் இறந்தார்கள். அங்கே இதைப் பரப்பும் மணல் ஈ, கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மண்சுவர் விரிசலிலும் மாட்டுத் தொழுவத்தின் ஈரத்திலும் வளரும். கொசுவலையின் சாதாரணக் கண்ணிகள் வழியாகவே உள்ளே புகுந்துவிடும். காரை வீடு கட்ட வசதி இல்லாதவர்களின் நோய் இது என்று சொன்னால் அது மிகையில்லை. பிகாரில் முசஹர் சமூகத்தினர் மற்றவர்களைவிட அதிகமாக இதில் சிக்குவதற்கும் அதுதான் காரணம்.

இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் அறிவியல் பெயர் 'லீஷ்மேனியா டோனோவானி'. லீஷ்மன், கல்கத்தா அருகே டம்டமிலிருந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதைப் பார்த்த ராணுவ மருத்துவர். டோனோவான், 1903ல் மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில், அதாவது இன்றைக்கு நாம் சென்ட்ரலுக்கு எதிரே பார்க்கிற அதே ஜி.எச்.சில், தனியாக இதைக் கண்டவர். யார் முதலில் என்று சண்டை வந்தபோது ரொனால்டு ராஸ் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து வைத்து விஷயத்தை முடித்தார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஒளிந்த திருடன்

இந்த ஒட்டுண்ணியை ஒழிப்பது ஏன் கஷ்டம் என்பதைப் புரிந்துகொண்டால், நானோ துகள் எதற்கு என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நம் உடம்பில் 'மேக்ரோஃபேஜ்' என்ற செல்கள் இருக்கின்றன. பெருவிழுங்கிகள். வேண்டாத கிருமி, செத்த செல், தூசு துரும்பு எது கண்ணில் பட்டாலும் விழுங்கி, உள்ளே இருக்கும் ஒரு அமிலப் பைக்குள் போட்டுச் செரித்துவிடும். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் இவை அதிகம். லீஷ்மேனியா என்ன செய்கிறது தெரியுமா? அந்தச் செல் தன்னை விழுங்கும்படி விட்டுவிட்டு, அதே அமிலப் பைக்குள் சாகாமல் உட்கார்ந்து பெருகுகிறது. திருடன் ஓடி ஒளிந்த இடம் போலீஸ் ஸ்டேஷன்.

ரத்தத்தில் மருந்தைக் கலந்துவிட்டால் அது உடம்பு முழுக்கச் சுற்றும். சிறுநீரகத்துக்கும் போகும், இதயத்துக்கும் போகும். அந்த அமிலப் பைக்குள் போய்ச் சேருவது கொஞ்சம்தான். போதுமான அளவு போய்ச் சேர வேண்டுமென்றால் நிறைய கொடுக்க வேண்டும். நிறைய கொடுத்தால் மற்ற உறுப்புகள் அடிவாங்கும்.

இங்கேதான் நானோ துகள் வருகிறது. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80 ஆயிரம் நானோமீட்டர் என்றால், நாம் பேசும் துகள் 100, 200 நானோமீட்டர். இந்த அளவில் ஏதாவது ரத்தத்தில் மிதந்து வந்தால் பெருவிழுங்கிகள் அதை அந்நியப் பொருள் என்று நினைத்து விழுங்கிவிடும். புற்றுநோய்க்கு நானோ மருந்து செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. அவர்கள் கட்டிக்கு அனுப்பிய பார்சலைக் கல்லீரல் வழியிலேயே பிடுங்கித் தின்றுவிடும். அதைத் தடுக்கவே தனி வேதியியல் வளர்த்து வைத்திருக்கிறார்கள். கருங்காய்ச்சலில் கதை தலைகீழ். பிடுங்கித் தின்னும் அந்தச் செல்தான் நமக்கு வேண்டிய விலாசம். மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

நடுங்கவைக்கும் மருந்து

கருங்காய்ச்சலுக்கு முதலில் வந்த நல்ல மருந்து இந்தியாவில் உருவானது. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களில் கொண்டுவந்த யூரியா ஸ்டிபமைன், ஆன்டிமனி என்ற உலோகத்தை அடிப்படையாகக் கொண்டது. பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றியது. பின்னால் வந்த ஆன்டிமனி ஊசிகள் பிகாரில் பல பத்தாண்டுகள் ஓடின. பிறகு ஒட்டுண்ணி பழகிக்கொண்டது. 1990களின் கடைசியில் வடக்கு பிகாரில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அந்த ஊசி வேலை செய்யவில்லை.

அடுத்து கைகொடுத்தது ஆம்ஃபோடெரிசின்-பி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து 1950களில் பிரித்தெடுத்த பூஞ்சைக்கொல்லி. லீஷ்மேனியாவின் தோலில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இருக்கிறது. இந்த மருந்து அதைப் பிடித்துக்கொண்டு தோலைக் குலைத்து, ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். சிக்கல் என்னவென்றால், நம் செல்களின் தோலில் இருக்கும் கொலஸ்டிரால் அதற்குத் தூரத்துச் சொந்தம். மருந்து சில சமயம் ஆள் மாறி நம்மையும் அடிக்கும். ஊசி ஏறும்போதே குளிர் நடுக்கம், காய்ச்சல், வாந்தி. நாளாக நாளாக சிறுநீரகப் பாதிப்பு. டாக்டர்களே இதை ஆங்கிலத்தில் 'பயங்கரம்' என்று பொருள் வரும்படி பெயரைத் திரித்துக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். அப்படியென்றால் ஒரு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டில். தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு மாதம் படுத்தால் வீட்டில் யார் சமைக்க அரிசி வாங்குவது? கூட இருந்து பார்த்துக்கொள்ள வருபவரின் கூலியும் போச்சு. வட்டிக்கு வாங்கி, ஆட்டை விற்று, பாதி மருந்தோடு ஊருக்குத் திரும்பியவர்கள் கதை பிகாரில் புதிதல்ல.

இந்த மருந்தையே கொழுப்பு உருண்டைக்குள் வைத்து, கிட்டத்தட்ட 80 நானோமீட்டர் அளவில் செய்ததுதான் லைப்போசோம் ஆம்ஃபோடெரிசின். பிராண்ட் பெயர் ஆம்பிசோம். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் ஷ்யாம் சுந்தர் குழு முசாஃபர்பூரில் இதைச் சோதித்து 2010ல் முடிவை வெளியிட்டது. 304 பேருக்கு ஒரே ஒரு முறை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். இன்னொரு 108 பேருக்குப் பழைய 15 ஊசி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒற்றை ஊசியில் 95.7 சதவீதம் பேர் குணம். பழைய முறையில் 96.3. அதாவது ஒரு மாதக் கட்டிலும் ஒருநாள் கட்டிலும் சமம்! இந்தியாவின் கருங்காய்ச்சல் திட்டம் பிறகு இந்த வழிக்கு மாறியது. வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிப்பதும் சேர்ந்துகொள்ள, 2023ல் நாட்டில் பதிவான நோயாளிகள் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. மருந்து மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சுமக்கும் வண்டிதான் மாறியது.

அப்புறம் எதற்கு இன்னொரு வண்டி?

நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 35 கிலோ எடை உள்ள நோயாளிக்குக் கிலோவுக்கு 10 என்றால் 350 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். ஆக 7 குப்பி. உலக சுகாதார நிறுவனம் பேசி வாங்கிய சலுகை விலையே ஆரம்பத்தில் குப்பிக்கு 20 டாலர் அளவில் இருந்தது. வெளிச்சந்தையில் பல மடங்கு. தெற்காசியாவுக்கு இந்த மருந்து பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் நன்கொடையாக உலக சுகாதார நிறுவனம் வழியே வந்தது. நன்கொடையை நம்பி ஒரு நோயை ஒழிப்பது, அடுத்த வீட்டுக் கிணற்றை நம்பி நெல் போடுவது மாதிரி. 25 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வைத்திருக்க வேண்டும் என்பது வேறு. மே மாத பிகாரில் அது லேசுப்பட்ட காரியமில்லை.

இன்னொன்று, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒற்றை ஊசி எடுபடவில்லை. அங்கே இரட்டை மருந்து: ஆன்டிமனியும் பரோமோமைசினும் 17 நாள், தினமும் ஊசி. இன்று உலகின் கருங்காய்ச்சல் நோயாளிகளில் பெரும்பாலானோர் அந்தப் பக்கம்தான்.

இவற்றால்தான் விலை குறைந்த, சூட்டைத் தாங்குகிற, முடிந்தால் வாய்வழியே கொடுக்கக்கூடிய வண்டிகளைத் தேடுகிறார்கள். அந்தத் தேடலில்தான் மரமும் செடியும் தரும் பாலிமர்கள் வருகின்றன. பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் குடம் நினைவுக்கு வர வேண்டாம். ஒரே மாதிரிக் கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலி எதுவும் பாலிமர்தான். அரிசிக் கஞ்சியில் இருக்கும் ஸ்டார்ச், பஞ்சில் இருக்கும் செல்லுலோஸ், ஜாம் உறையக் காரணமான பெக்டின் எல்லாமே அந்தக் குடும்பம்.

வேலம் பிசினோடு ஆம்ஃபோடெரிசினைக் கோத்துப் பார்த்தவர்களில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். 2007ல் வெளியான அவர்களின் வேலையைச் சமையலறைத் தமிழில் சொன்னால் இப்படி: பிசினின் சர்க்கரை வளையங்களை ஒரு ரசாயனத்தால் லேசாகத் திறந்து கொக்கிகள் உண்டாக்குவது, மருந்து மூலக்கூறில் இருக்கும் ஒரு முனையை அந்தக் கொக்கியில் மாட்டுவது. தண்ணீரில் கரையாத மருந்து, கரையும் பிசினைத் தொற்றிக்கொண்டு கரைந்துவிடுகிறது. வெறும் ஆம்ஃபோடெரிசின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிசினில் மாட்டியது உடைக்கவில்லை. லீஷ்மேனியாவைக் கொல்லும் வேலையை மட்டும் அது விடவில்லை. கறாராகச் சொன்னால் இது துகள் இல்லை, மருந்து கோத்த சங்கிலி. ஆனால் தத்துவம் அதேதான்.

கொத்தவரை இன்னும் சுவாரசியம். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்தில், அதாவது ஐஸ்கிரீமில் போடும் அதே குவார் கம்மில், இந்தியாதான் உலகிலேயே முதலிடம். பெரும்பாலும் ராஜஸ்தான் மணற்காட்டு விளைச்சல். இந்தக் கோந்தின் முதுகெலும்பு 'மேனோஸ்' என்ற சர்க்கரை. பெருவிழுங்கிகளின் தோலில் மேனோஸைப் பிடிக்கவென்றே ஏற்பிகள் இருக்கின்றன. பல கிருமிகளின் மேலுறையில் அந்தச் சர்க்கரை இருப்பதால் வந்த ஏற்பாடு அது. வேறு துகள்களுக்கு ஆய்வகத்தில் மெனக்கெட்டு மேனோஸ் ஒட்டுகிறார்கள். கொத்தவரைக் கோந்து விலாசம் எழுதியே பிறந்தது.

லக்னோவில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வாளர்கள் இதில் ஒரு படி மேலே போனார்கள். கொத்தவரைக் கோந்துத் துகளுக்குள் ஆம்ஃபோடெரிசினோடு பைப்பரினையும் அடைத்து, வாய்வழியே ஹாம்ஸ்டர்களுக்குக் கொடுத்தார்கள். பைப்பரின் என்றால் மிளகின் காரம். எதற்கு அது? ஆம்ஃபோடெரிசினை வெறுமனே விழுங்கினால் வயிற்று அமிலம் ஒரு பக்கம் கெடுக்கும். குடலும் அதைப் பெரும்பாலும் உள்ளே விடாது. உள்ளே வந்ததைத் திரும்பக் குடலுக்கே தள்ளும் பம்ப்புகள் நம் குடல் சுவரில் உண்டு. அந்தப் பம்ப்புகளையும், மருந்துகளைச் சிதைக்கும் சில நொதிகளையும் பைப்பரின் அடக்கிவைக்கும். மஞ்சள் பாலில் மிளகு போடும் வீட்டு வழக்கத்துக்குப் பின்னாலும் இதே கணக்குதான். மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் சேர்வதைப் பைப்பரின் பல மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூர் ஆய்வு ஒன்று 1998லேயே காட்டியது. லக்னோ சோதனையில் ஹாம்ஸ்டர்களின் உடம்பில் ஒட்டுண்ணி பெருமளவு குறைந்தது. ஒரு நேர்மைக் குறிப்பு: வயிற்று அமிலத்தைத் தாண்ட அந்தத் துகளின் மேல் பூசியது செயற்கை அக்ரிலிக் பூச்சு. முழுக்க முழுக்க 'மூலிகை' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

அப்படியே இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்தோம் என்று வாரம் ஒரு செய்தி வருகிறதே, அது வேறு. அங்கே இலை, உலோகத்தைத் துகளாக்க உதவும் வெறும் கருவி. இங்கே செடியின் பொருளே வண்டியாகிறது.

கடைக்கு ஏன் வரவில்லை?

இதுவரை சொன்ன தாவர பாலிமர் மருந்துகளில் ஒன்றுகூடக் கருங்காய்ச்சலுக்காகச் சந்தைக்கு வரவில்லை. செய்தித் தலைப்புகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். 2007ல் வந்த ஆய்வு பற்றி இன்றும் 'நம்பிக்கை தரும்' என்றே எழுத வேண்டியிருக்கிறது.

முதல் தடை, இயற்கையே. தொழிற்சாலையில் செய்யும் பாலிமரில் சங்கிலியின் நீளத்தைச் சொல்லி வாங்கலாம். பிசினில் அது முடியாது. மரத்தின் வயது, மண், அந்த வருஷ மழை எல்லாவற்றுக்கும் ஏற்பச் சர்க்கரைகளின் விகிதமும் புரதத்தின் அளவும் மாறும். மிட்டாயில் இது பிரச்சினையில்லை. நரம்பில் ஏற்றும் மருந்தில் ஒவ்வொரு லாட்டும் அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டும். மண்ணிலிருந்து வந்த பாக்டீரியாவின் நச்சுத் துணுக்கு ஒட்டியிருந்தால் நோயாளிக்குக் காய்ச்சல் தூக்கிப்போடும். ஊசி மருந்தைச் சுத்தப்படுத்தும் கடைசி வடிகட்டியின் துளை 220 நானோமீட்டர். துகள் அதைவிடக் கொஞ்சம் பெருத்தாலும் கிருமியோடு மருந்தும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். 'செடியிலிருந்து வந்தது, அதனால் பாதுகாப்பானது' என்பது இங்கே செல்லாது. எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது.

இரண்டாவது, ஹாம்ஸ்டர் மனிதன் இல்லை. மனிதரிடம் சோதிக்கப் பல நூறு நோயாளிகள் வேண்டும். பிகாரில் நோயாளிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது நல்ல செய்திதான், ஆனால் சோதனை நடத்துபவருக்கு அது சிக்கல். நோயாளிகள் இருக்கும் சூடானிலோ 2023 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் போர்.

மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வாங்குபவர் கையில் காசில்லாத மருந்துக்குப் பணம் போட எந்த கம்பெனியும் வரிசையில் நிற்பதில்லை. இதை அறிவியல் தோல்வி என்று எழுதுவது அநியாயம்.

யாருக்கு அவசரம்?

கருங்காய்ச்சல் குணமானவர்களில் சிலருக்கு, தெற்காசியாவில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு, மாதங்களோ வருஷங்களோ கழித்துத் தோலில் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் வருகின்றன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வேலைக்குப் போகலாம். அதனால் ஆஸ்பத்திரிக்கு யாரும் ஓடி வருவதில்லை. ஆனால் அந்தத் திட்டில் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கிறது. மணல் ஈ அவரைக் கடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் நோய் மறுபடி தொடங்கும். ஊரில் ஒரு நோயாளியும் இல்லை என்று பலகை மாட்டிய பிறகும் எரியும் கங்கு இது.

இவர்களுக்கு இன்று இருக்கும் வாய்வழி மருந்து மில்டெஃபோசின், 12 வாரம். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து என்பதால் இளம்பெண்கள் கருத்தடையோடுதான் சாப்பிட முடியும். நீண்ட நாள் சாப்பிட்ட சிலருக்குக் கண் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஒருவரை மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வைக்க, ஆஷா பணியாளர் எத்தனை முறை அந்த வீட்டுப் படியேற வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

வயிற்றைத் தாண்டி, தோலில் இருக்கும் பெருவிழுங்கிகள் வரை போய்ச் சேரும் ஒரு ஆம்ஃபோடெரிசின் மாத்திரை கிடைத்தால் முதலில் பயன்பெறுபவர்கள் இவர்கள்தான். கொத்தவரைத் துகளோ வேலம் பிசினோ அந்த இடத்துக்கு வருமா என்று பார்க்க, ஹாம்ஸ்டருக்குப் பிறகு ஆரோக்கியமான மனிதர்களிடம் நடக்க வேண்டிய முதல்கட்டச் சோதனை இருக்கிறது. அடுத்த முறை 'நானோ மருந்து கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால், அது யாரிடம் சோதிக்கப்பட்டது என்ற வரியை முதலில் தேடுங்கள்.